ரெண்டு பேருக்கு எதுக்கு ஃபேன்

இல்ல டீச்சர், மார்க்கு பத்திப் பேச வரல. மார்க்கெல்லாம் எம் பொண்ணு நல்லாத்தான் எடுக்கறா. உங்க பாடத்துலதான் இருக்கறதுலயே அதிகம். அதான் பிரச்சினையே. ஐயோ, உங்களக் குத்தம் சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்ல அந்த ஃபேன நிறுத்திடுங்களேன். வேர்த்தா வேர்க்கட்டும், பரவால்ல. அவ விளையாடிட்டு உள்ள வந்தான்னா, ரெண்டு பேருக்கு எதுக்கு ஃபேன்னு கேப்பா. வீட்ல அதான் சட்டம். மூணு பேரும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் ஃபேன். அவங்கப்பா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் நானும் அவளும் வெந்துக்கிட்டு கெடப்போம்.

சிரிக்கறீங்க. நானும் மொதல்ல சிரிச்சவதான். பூமிக் காவலர்னு ஒரு அட்டைய நீங்க சட்டைல குத்தி விட்டீங்கல்ல, அத தூங்கும்போதுகூட கழட்ட மாட்டேங்கறா. அஞ்சாங்கிளாஸ் பொண்ணு, வீட்ல இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பாக்கறா. நான் துணி தைக்கறவ. தையல் மிஷினுக்கு ஆசையா ஒரு மோட்டார் போட்டேன். அதக் கழட்டிட்டு கால்ல மிதிம்மான்னா. சரின்னு மிதிச்சேன். இப்போ முடியல, இடுப்பு விட்டுப் போகுது. அதனால இவ ஸ்கூலுக்குக் கெளம்பினதும் மோட்டார மாட்டிக்கறேன், வர்றதுக்குள்ள கழட்டி வெச்சிடறேன். எம் பொண்ணுக்குப் பயந்து என் வீட்லயே திருட்டுத்தனம் பண்றேன்.

போன வாரம் ஃப்ரிட்ஜ நிறுத்திட்டு ஸ்கூலுக்கு வந்துட்டா. உள்ள பாலு, காய்கறி, ஆக்கி வெச்சது எல்லாம் வீணாப் போச்சு. நான் திட்டவே இல்ல டீச்சர், சத்தியமா. கெட்டதையெல்லாம் கொட்டறதப் பாத்துட்டு அவளே உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. நிறுத்தினாலும் வீணாகுது, நிறுத்தலன்னாலும் வீணாகுது, நான் என்னதாம்மா பண்றதுன்னா. தேம்பித் தேம்பி அழறா.

அவங்கப்பாவா? அவர் ஏசி மெக்கானிக்கு. அப்புறம் கேக்கணுமா. ரூமுக்குள்ள இருக்கற சூட்ட எடுத்து தெருவுல கொட்டறதுதானப்பா உன் வேலைன்னு சாப்பிடும்போது கேட்டுட்டா. ஆமாடா, உங்கப்பன் சூட்டு வியாபாரின்னு சொல்லி அவர் சமாளிச்சாரு. ஆனா மறுநாள் வந்து எங்கிட்ட சொல்றாரு, ஒரு வீட்ல ஏசிய மாட்டிட்டு வெளிய இருக்கற பொட்டிகிட்ட நின்னு பாத்தேன், சந்துல ஒரு பெரியவர் கட்டில் போட்டுப் படுத்திருந்தாரு, அத்தன அனலும் அவர் மேலதான் போகுது, பொண்ணு சொல்றது சரிதான்டின்னு. அதுலேர்ந்து மனுஷன் வீட்ல சரியாப் பேசறதே இல்ல. வேற வேலை தெரியாது அவருக்கு. நான் யாரப் போய் தேத்தறது சொல்லுங்க.

தண்ணி போதும் டீச்சர். டீ வேணாம், வாடையே ஆகல இப்போ.

விஷயத்துக்கு வரேன். ஒரு மனுஷன் வாழறதுக்கு பூமிலேர்ந்து எவ்ளோ எடுத்துக்கறான்னு படம் வரைஞ்சுட்டு வரச் சொன்னீங்கல்ல. அப்பாவுக்கு ஒரு கட்டம், எனக்கு ஒரு கட்டம், அவளுக்கு ஒரு கட்டம். கலர் எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு, அவ கட்டத்த மட்டும் கையால மறைச்சுப் பாக்கறா. நான் பொறக்காம இருந்திருந்தா இவ்ளோவும் மிச்சம்ல அம்மாங்கறா. அழுதுக்கிட்டு கேட்டிருந்தாக்கூட கட்டிப் பிடிச்சிருப்பேன். சும்மா, வீட்டுக் கணக்குப் போடற மாதிரி கேக்கறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, கைய ஓங்கிட்டேன். அடிக்கல. ஆனா ஓங்கிட்டேன்.

நீங்க அப்படிச் சொல்லிக் குடுக்கலன்னு எனக்குத் தெரியாதா. நீங்க கண் கலங்காதீங்க. நீங்க ஒண்ணு சொல்றீங்க, அது பிஞ்சு மனசுல போய் வேற ஒண்ணா மொளைக்குது. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

மாடி வீட்ல கொழந்த பொறந்திருக்குன்னு கூட்டிட்டுப் போனேன். மடில வெச்சுக்கோடின்னு குடுத்தா வாங்கவே இல்ல. விரல மட்டும் தொட்டுப் பாத்துட்டு என் காதுகிட்ட வந்து கேக்கறா, இவ்ளோ சூட்டுல இத எதுக்கும்மா கூப்பிட்டாங்கன்னு. பாவம்மா இதுன்னா. அந்த வார்த்த எனக்குள்ள முள்ளாட்டம் நிக்குது. அவ தப்பா ஒண்ணும் கேக்கலையே. நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு முழிச்சுக் கெடக்கறேன்.

பொய் சொல்லி ஏமாத்துங்கன்னு கேக்கல. பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவா. வெயில் ஏறுறது நெஜம், எங்க தெருக் குழாயில காத்து மட்டும் வர்றதும் நெஜம். ஆனா இந்தப் பூமிய யாருக்காகக் காப்பாத்தறோம்னு ஒரு பாடம் இருக்கும்ல டீச்சர்? அத இன்னும் நடத்தலையா? கொஞ்சம் முன்னாடியே நடத்திடுங்களேன். நான் சொன்னா, உனக்கென்னம்மா தெரியும்பா. நீங்க சொன்னா அவளுக்கு அதான் வேதம்.

என்ன, மறுபடியும் ஃபேனப் போட்டுட்டீங்க. மயக்கமெல்லாம் இல்ல, மாடி ஏறி வந்ததுல கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்ளோதான். அதோ, பைய மாட்டிக்கிட்டு கிரவுண்டத் தாண்டி வர்றா பாருங்க. வந்ததும் மேலதான் பாப்பா. ரெண்டு பேருக்கு எதுக்கு ஃபேன்னு கேப்பா. இல்லடா, மூணு பேர் இருக்கோம்னு நீங்களே சொல்லிடுங்க டீச்சர். எனக்கு இது நாலாவது மாசம். அவகிட்ட சொல்ல எனக்குத்தான் வாய் வர மாட்டேங்குது.