டாக்டர் சுபத்திராவுக்காக நிறுத்தப்பட்ட புளோவர்

அவைத்தலைவராக அமர்ந்திருக்கும் மேலாளர் திரு. ராஜசேகரன் அவர்களே, மனைவியைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் தேவானந்தன் ஐயா அவர்களே, காஹாங் காகிதக்கூழ் ஆலைத் தோழர்களே, வணக்கம்.

நான் திருச்செல்வம். மாரடைப்பில் நம்மை விட்டுப் போன டாக்டர் சுபத்திராவோடு கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்தவன். "நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்றார் மேலாளர். நல்லதாகத்தான் பேசப்போகிறேன், அம்மையாரைப் பற்றி மட்டும்!

எண்ணெய் பிழிந்த செம்பனைக் குலையை வேகவைத்துக் கூழெடுத்த கறுப்புத் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த ஆலை இது. அந்த நஞ்சையே நுண்ணுயிர்களுக்குத் தீனியாக்கியவர் யார்? டாக்டர் சுபத்திரா! தின்றது போக மிஞ்சியதை அவை உடம்புக்குள் சேர்த்துவைக்கும். அதைப் பிரித்தெடுத்து, மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்காக்கி, நாற்றுக் கிண்ணம் செய்து காட்டியவர் யார்? டாக்டர் சுபத்திரா!

அந்தக் கிண்ணத்தோடு படமெடுத்துக்கொண்டவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். தலைமையகத்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நுண்ணுயிர்த் தொட்டியில் குளோரினைக் கொட்டச் சொன்னவர்களும் இவர்களே!

"நாத்தம் போச்சுலா, டாக்டர்" என்று சிரித்தார் மேலாளர்.

"உயிரோட இருந்ததெல்லாம் போச்சு சார். இனி நான் யாருக்குச் சோறு போடுறது?" என்று கேட்டார் அம்மையார். பிறகு ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியிருந்த கொஞ்சம் தொட்டிச் சேற்றை வைத்து, அந்த உயிர்களை முதலிலிருந்து வளர்த்தார்.

இன்று என்ன செய்தீர்கள்? துக்கம் என்று ஆலையை மூடினீர்கள். சரி. தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோவரையுமா நிறுத்துவது? "கூட்டத்துக்குச் சத்தம் இடைஞ்சல், மரியாதைக்கு ஒரு நாள் நிறுத்தி வைங்க" என்றாராம் மேலாளர்! ஐயா, காற்றில்லாமல் அவை மூச்சுமுட்டிச் சாகும்! காலையிலிருந்து செத்துக்கொண்டிருக்கின்றன. அம்மையார் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் வளர்த்ததைக் கொல்வதா மரியாதை? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

அடுத்து மௌன அஞ்சலியாம். யாரும் எழுந்து நிற்க வேண்டாம். புளோவர் அறைச் சாவி வைத்திருக்கும் வீரமுத்து, நீங்கள் மட்டும் எழுந்து போங்கள். அதைப் போடுங்கள். யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள். தேவானந்தன் ஐயா, இனி அதை நிறுத்த எவர் வந்தாலும் நான் குறுக்கே நிற்பேன். இது உறுதி.

புளோவர் சத்தம் கேட்கும் வரை நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை. கேட்ட பிறகு மேலாளர் பேசலாம். எங்கள் காதில் விழாது.