பரஞ்சோதி வரைந்த வேன்

பென்சில் படத்துக்கு நிறம் ஊற்றுகிற பக்கெட் கருவியைத் தொடாமலிருப்பது நல்லது, லிண்டா அக்கா. கையால் வரைந்த கோடு எங்கேயாவது விட்டுப்போயிருக்கும். திரையில் ஓர் இடத்தைத் தொட்டால், நிறம் அந்தச் சந்து வழியாக வழிந்து பக்கம் முழுக்கப் பரவிவிடும். அதனால் நான் தூரிகையைத்தான் எடுப்பேன். கோடுகள் மேல் லேயரில் இருக்கும், நிறம் அடியில் போகும். வரைந்தவரின் கோட்டில் நான் கைவைப்பதில்லை.

உங்கள் தம்பியின் படத்தைப் பரஞ்சோதி அண்ணன் நன்றாகவே வரைந்திருக்கிறார். புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை. நினைவுத் திருப்பலிக்குப் பெரிதாக அச்சடித்தாலும் தாங்கும்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் பேனர் கடை திறந்த நாளிலிருந்து அவர் வரைகிறார், நான் வண்ணம் போடுகிறேன். ஏன் அவரே போடுவதில்லை என்று யாராவது கேட்டால், "அந்த மெஷினெல்லாம் நம்ம ரமணிக்குத்தான் சரிப்படும்லா" என்று சிரித்துவிடுவார். உண்மையில் அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை கோயில் பேனருக்கு மயிலின் கழுத்தைச் சிவப்பாக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் சத்தமில்லாமல் மாற்றினேன். அவர் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வெளியே தெரிந்தால் கோயில்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு.

திகாம் பத்து சாலையில் தோட்டத்து மருதம்மாளை ஒரு வேன் மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போனபோது, மழைக்குப் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கியிருந்தவர் அண்ணன் ஒருவர்தான். வேனின் முதுகை மட்டும்தான் அவர் பார்த்தார். எண்ணைக் கவனிக்கவில்லை. ஆனால் பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டார். மருதம்மாளின் மகன் தர்மலிங்கம் நாலைந்து தோட்டத்து இளைஞர்களோடு கடைக்கு வந்தார். வண்ணம் போட்டுக் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆளைப் பிடித்துவிடலாம் என்றார்.

"வேன் என்ன கலர்ண்ணே?" என்று கேட்டார்.

அண்ணன் தாளிலிருந்த ரப்பர் துகளை ஊதினார். பிறகு எல்லாப் படத்துக்கும் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கடும் பச்சைன்னுதானேண்ணே சொன்னீங்க?" என்றேன். அவர் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா. பச்சைதான்லா."

நிறத்தட்டில் ஆயிரம் பச்சை உண்டு. நான் அதைத் திறக்கவில்லை. இருக்கிற படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சியெடுக்கிற கருவி ஒன்று இருக்கிறது, ஒரு தொடல் போதும். கோலா கெடாவிலிருந்து கொண்டுவரும் மீனை விற்க உங்கள் பிரெடிக்கு நாங்கள் போர்டு செய்து கொடுத்தோமில்லையா, அன்று அவனை வேனோடு நிறுத்தி எடுத்த புகைப்படம் என்னிடம் இருந்தது. அதன் கதவைத் தொட்டேன். மறுநாளே எல்லோர் கைபேசியிலும் அந்தப் பச்சை இருந்தது.

பிரெடிமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எனக்கென்று நல்ல கெம்போங் மீனாக எடுத்துவைப்பான். "இப்படியே திரையைப் பார்த்துக்கிட்டிருந்தா உன் கண்ணையும் கிலோ போட்டு வித்துடுவேன்" என்பான். வேறு பச்சை வேன் ஒன்றின் படம் கைவசம் இருந்திருந்தால் அதைத் தொட்டிருப்பேன்.

போலீஸ் அவன் வேனைச் சோதித்தது. எங்கும் அடிபட்ட தடமில்லை என்று விட்டுவிட்டது. ஆனால் சுங்கை லாலாங்கில் அவனை வழிமறித்தவர்கள் தடம் எதையும் தேடவில்லை. மருத்துவமனையில் கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் நீங்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

அடக்கம் முடிந்து அண்ணன் கடைக்கு வந்தார். "ரமணி, அது பச்சைதானே?" என்றார். பச்சைதான் என்றேன். இந்தப் படத்தைத் தவிர அதற்குப் பிறகு அவர் எதுவும் வரையவில்லை.

மரூன், அக்கா. அவர் கண்ணுக்கு மரூனும் கடும் பச்சையும் ஒன்றுதான். அலோர் ஸ்டாரில் வாடகைக்கு எடுத்த வேன் அது. திருவிழா பேனர்களை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிப்போனேன். பின்கதவு சரியாக மூடாமல் ஒரு பேனரின் முனை வெளியே அடித்துக்கொண்டிருந்தது. அது நனைகிறதே என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடி முன்னால் பார்த்தபோது மருதம்மாள் இருந்தார், அப்புறம் இல்லை. வேனைத் திருப்பிக் கொடுத்தபோது, குறுக்கே மாடு வந்துவிட்டது என்றேன். உரிமையாளர் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

அண்ணன் அந்தத் துணி முனையையும் வரைந்திருந்தார், கதவிடுக்கில், சின்னதாக. அதை மட்டும் அழித்தேன். அது வேனின் கோடு அல்ல, அதனால் கணக்கில் சேராது.

நிறம் பிசகாமல் வர வேண்டும் என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள். முகத்துக்கு அதே புகைப்படத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன், வெயிலில் நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இனி சட்டை மட்டும்தான் பாக்கி.

உட்காருங்கள் அக்கா. என்ன நிறம் போடட்டும்?