சாமிமாடத்து டெபாசிட் ரசீது

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, அலைவாய் முதலீட்டு நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் நிறுவனர் சுப்புராஜ் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கும் அண்ணாச்சியின் அருமைத் தம்பி, மாத்தூர் பருப்பு மொத்த வியாபாரி உச்சிமாகாளி அவர்களே! எண்ணூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வேலைச் சட்டையை மாற்றக்கூட நேரமின்றித் திருவொற்றியூர் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! காசிமேட்டில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசியில் கண் புதைத்து நிற்கும் இளைஞர்களே! இத்தனை பேரையும் விளித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்ட இந்தத் தேவகிருபையின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் இந்த நிறுவனத்தின் இடர் மேலாண்மை அதிகாரி. என்ன வேலை அது? எல்லாரும் இலாபம் எவ்வளவு என்று கேட்கும்போது, நட்டம் வந்தால் என்ன செய்வோம் என்று கேட்கிற வேலை. கல்யாண வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்கிற வேலை. அந்த வேலைக்குத்தான் சற்று முன் பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. வேர்க்கிறது, மடித்து வைத்துவிட்டேன்.

ஆண்டுதோறும் இதே மேடையில் மூலதன அறிக்கையை நான்தான் படிக்கிறேன். ஆண்டுதோறும் நான் வாயைத் திறந்ததும் போண்டா வந்துவிடும். மூலதனம் என்பேன், சட்னி கேட்பீர்கள். முன்னெச்சரிக்கை என்பேன், டீ கேட்பீர்கள்.

என்ன தம்பி? "யக்கா, சுருக்கா முடி, போண்டா ஆறுது"ன்னா? ஆறட்டும் தம்பி. இன்றைக்கு நான் முடிக்கும் வரை தட்டு வெளியே வராது. சமையற்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அந்த அறிக்கையில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டே செய்திதான். நிறுவனத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்பது ஒன்று. வந்தால் தாங்குவதற்கு நிறுவனத்தின் சொந்தப் பணம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. பங்கு வாங்கச் சொல்லி நீங்கள் எங்களிடம் கொடுத்த உங்கள் பணம் அல்ல, நிறுவனத்தின் சொந்தப் பணம். நாளைக்கே நாங்கள் நொடித்தாலும், ஊழியருக்குச் சம்பளம் கொடுத்து, இடத்துக்கு வாடகை கொடுத்து, உங்கள் கணக்கையெல்லாம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கான பணம். அதைத் தொடக் கூடாது. தோழனுக்கும் தரக் கூடாது. தூக்கம் கெட்டாலும் துணிந்து எடுக்கக் கூடாது. நம் நிறுவனத்தின் அளவுக்கு அது மூன்று கோடி ரூபாய்.

விசைப்படகு ஓட்டும் நீலமேகம் ஏதோ கேட்கிறார். சொல்லுங்கள் ஐயா. "கடலுக்குப் போனா திரும்பி வர்றதுக்குன்னு தனியா டீசலு வெச்சிகினு போவோமே, அத்த மாரியா?" அதேதான் ஐயா! மீன் கூட்டம் கண்ணெதிரே துள்ளினாலும் அந்த டீசலில் கை வைப்பீர்களா? "வெச்சா வூடு வந்து சேர முடியாதுக்கா" என்கிறார். நான் இருபத்திரண்டு ஆண்டு படித்த அறிக்கையை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று கோடியில் இரண்டு கோடி, வங்கியில் போட்ட ஒரே டெபாசிட்டின் ரசீது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அண்ணாச்சி அந்த ரசீதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலகச் சாமிமாடத்தில், செந்தூர் முருகன் படத்தின் காலடியில் வைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், வெள்ளிதோறும் மல்லிகைச் சரம் சாத்தினார். நானோ ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவள். அடுத்தவர் சாமிமாடத்தில் கை வைக்கலாமா? மார்ச் மாதக் கடைசியில் மாடத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியே தொகையைப் படிப்பேன். நாற்காலிக்குத் திரும்பி வந்து எழுதுவேன்: "மூலதனம் போதுமான அளவு உள்ளது."

வங்கிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தணிக்கைக்கு வந்தவர்களுக்கும் அந்தக் கண்ணாடியைத்தான் காட்டினேன், அவர்களும் கும்பிட்டுவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். சாமியின் காலடியில் இருப்பதைச் சந்தேகப்படுவதா என்று நினைத்தேன். அதை மரியாதை என்று நினைத்தேன். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் மரியாதை பார்ப்பதற்கா எனக்குச் சம்பளம்?

போன மாதம் இந்த விழாவுக்காக அலுவலகத்துக்கு வெள்ளை அடித்தோம். பெயின்டர் எழிலன் மாடத்தைக் காலி செய்து, அந்தச் சட்டத்தை என் கையில் கொடுத்தார். பின்பக்க அட்டை நெகிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்த தாள் நழுவி என் மடியில் விழுந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது. எழிலனும் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஜெராக்ஸுக்கா பொட்டு வெச்சிகினு கீறீங்க?" என்றார்.

சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தத் தாளோடு வங்கிக்கு நடந்தேன். அங்கே மகிமா என்கிற அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அசல் எங்ககிட்டதான் மேடம் இருக்கு. உச்சிமாகாளி சார் வாங்கின கடனுக்கு ஈடா வெச்சிருக்காங்க. மூணு வருஷமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதா? தெரிந்துகொள்வதற்காகவே நாற்காலி போட்டு உட்கார வைத்த ஒருத்திக்குத் தெரியவில்லை! மூன்று ஆண்டு தெரியவில்லை! மூன்று அறிக்கையில் தெரியவில்லை!

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, அதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். "வெள்ளத்துல தம்பி குடோன் முங்கிப் போச்சும்மா. கூடப்பொறந்தவனுக்குக் கை குடுக்காம நான் என்ன யாவாரம் பாக்க? மாடம் வெறும் மாடமா இருக்கக் கூடாதுன்னுதான் நகல வச்சேன். அடுத்த வருசம் மீட்டிருதேன். இந்த ஒரு தடவ கையெழுத்துப் போட்டிரு" என்றார்.

அன்பர்களே, கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அண்ணன் ரசீது தம்பி கடைக்கு ஈடாகும், மாமன் வீட்டுப் பத்திரம் மருமகன் சரக்குக்கு ஈடாகும். அப்படிக் கை கொடுத்துக் கை கொடுத்துத்தான் தெற்கிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தவர்கள் இந்த வடசென்னையில் தலை நிமிர்ந்தார்கள். கடைத்தெருவில் அது அறம். ஆனால் அறிக்கையில் அது பொய். ஒரே பணம் இரண்டு வாசலில் காவல் நிற்குமா? தம்பியின் கடன் தவறினால் வங்கி அந்த ரசீதை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு நாங்களும் தடுமாறினால், எதைக் கொண்டு உங்கள் கணக்கை ஒப்படைத்துக் கதவைச் சாத்துவோம்?

யார் அது, எழுந்து நிற்பது? பச்சையம்மாவா? "அதெல்லாம் இருக்கட்டும், என் துட்டு கீதா, பூட்ச்சா? அத்த சொல்லு மொதல்ல!" கீது பச்சையம்மா, கீது! உங்கள் பங்குகள் உங்கள் பெயரிலேயே தனிக் கணக்கில் இருக்கின்றன, அதில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்பாதீர்கள். மூன்று ஆண்டாக நான் சொன்னதை நம்பித்தானே இந்த நிலை? காலையில் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை கிளம்பாதீர்கள்.

இதையெல்லாம் அறைக்குள் பேசித் தீர்க்கக் கூடாதா என்று அண்ணாச்சி கேட்டார். பொய்யை நான் இந்த மேடையில் நின்று படித்தேன், அண்ணாச்சி. ஒலிபெருக்கி வைத்துப் படித்தேன். மெய்யை மட்டும் அறைக்குள் முணுமுணுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதோ, நாளை மாலைக்குள் ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போக வேண்டிய அறிக்கை. படிக்கிறேன். "நிறுவனத்தின் மூலதனம் போதாது. இருக்க வேண்டியது மூன்று கோடி, இருப்பது ஒரு கோடி. கடந்த மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளும் தவறானவை. அசல் ஆவணத்தைச் சரிபார்க்காதது இடர் மேலாண்மை அதிகாரியின் குற்றம்." இதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. இனி என்ன ஆகும்? குறை நிரம்பும் வரை புது வாடிக்கையாளரைச் சேர்க்க முடியாது. இந்த ஆண்டு நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு ஆதாயம் கிடையாது. என் வேலையும் போகலாம். போகட்டும், களைத்துவிட்டேன். ஆனால் ரசீதை மீட்க வேண்டுமென்றால் உச்சிமாகாளி அவர்கள் மாத்தூர் குடோனை விற்க வேண்டும். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

என் கணவர் மருத்துவமனையில் கிடந்த நாற்பது நாளும் என் பிள்ளைகள் தின்றது உச்சிமாகாளி வீட்டுச் சோறு. அவர் மனைவி ராமசெல்வி தூக்குச் சட்டியோடு மூன்று மாடி ஏறி வந்தார். அந்தச் சோற்றை மறந்தா பேசுகிறேன்? மறக்க முடியாமல்தான் ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று ஒரு மனம். உன்னை நம்பி ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறதே என்று ஒரு மனம். இரண்டும் என் மனம்தான், தாய்மார்களே. எந்த மனம் சொன்னதைக் கேட்டிருந்தாலும் நான் அழுதிருப்பேன்.

அதனால் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒருவர், இந்தக் கூட்டத்தில் எழுந்து "அசல் எங்கே" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் கும்பிட்டுவிட்டாவது அந்தச் சட்டத்தை இறக்கிப் பார்த்திருப்பேனே! இனி கேளுங்கள்! படித்தவரும் கேளுங்கள், படிக்காதவரும் கேளுங்கள். என்னைக் கேளுங்கள், எனக்குப் பின் வருபவரைக் கேளுங்கள். சாமி கோபிக்காது. நல்ல மனிதர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள்!

பொறுங்கள். அண்ணாச்சி எழுந்து வருகிறார். ஒலிவாங்கி வேண்டுமா, அண்ணாச்சி? வேண்டாமாம். பேனா கேட்கிறார். அறிக்கையில் நிர்வாக இயக்குநர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன், அங்கே போடுகிறார். தாளை நான் பிடித்துக்கொள்கிறேன். போட்டுவிட்டார். தம்பியைப் பார்த்து ஏதோ சொல்கிறார். "குடோன குடுத்துரு மாகாளி" என்கிறார். உச்சிமாகாளி தலையை ஆட்டுகிறார். ராமசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐயோ, கை தட்டாதீர்கள். உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், கை தட்டாதீர்கள். இருபது ஆண்டு உழைத்துக் கட்டிய குடோன் ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது. உங்கள் பணத்துக்குக் காவலாக அவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள், அது போதும்.

எழுந்து நின்ற அனைவருக்கும் நன்றி. அண்ணாச்சிக்கு நன்றி. உச்சிமாகாளி, ராமசெல்வி, உங்கள் இருவருக்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது. கும்பிடுகிறேன். வணக்கம்.