தபால்காரர் ஏன் நடக்கவில்லை என்று கேட்ட எங்கள் அக்காவுக்கு

பேச்சிழந்தோரின் பேச்சே! நினைவிழந்தோரின் நிழலே! நெற்றிச் சுருக்கத்தை நெடுங்கதையாய் வாசித்த நேர்த்தியே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் முதியோர் இல்லத்தின் முதல் தளத்தை அன்பாலும் அதட்டலாலும் ஆண்ட தலைமைச் செவிலித் தாயே! எங்கள் அக்காவே! வணங்குகிறோம்.

இப்படித் தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். "மூஞ்சியைப் பாருய்யா, நோட்டுல அப்புறம் எழுதலாம்" என்பீர்கள். பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலை மாட்டக் கண்ணாடிச் சட்டத்துக்கு அளவு கொடுத்தாயிற்று, இனி ஒரு வரியும் குறைக்க முடியாது.

மறதி நோய் முற்றிச் சொல் தொலைத்தவர்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் ஒருவர் தலையாட்டுவார், ஒருவர் சிரிப்பார், "மழை பெய்யுதா?" என்றாலும் அதே தலையாட்டல், அதே சிரிப்பு. நாங்கள் கேட்டதோடு கடமை முடிந்தது என்றிருந்தோம். நீங்களோ புரட்டுகையில் புருவத்தைப் பார்த்தீர்கள், நிமிர்த்துகையில் மூச்சைக் கேட்டீர்கள், கை எந்த இடத்தை மறைக்கிறது என்று கவனித்தீர்கள். உணவைத் துப்பிய அம்மையாரிடம் சொத்தைப் பல்லைக் கண்டீர்கள். 'முரண்டு பிடிக்கிறார்' என்று நாங்கள் எழுதிவைத்த ஆசிரியரின் தோள் விலகியிருந்ததை, அவர் சட்டைக்குள் கை நுழைத்த விதத்திலேயே கண்டீர்கள். எப்படி அக்கா? எங்களுக்கும் இரண்டு கண்கள்தானே!

எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

எங்கள் தபால்காரர் ஐயா, நினைவு போன பின்னும் வேலையை விடாதவர். விடிந்தது முதல் பன்னிரண்டு கதவுகளையும் தட்டித் தட்டி எங்கள் உயிரை வாங்குவார். போன ஆண்டு, மகளின் பிரசவத்துக்காக நீங்கள் நான்கு நாள் விடுப்பில் போனீர்கள். மறுநாளே ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தட்டல் இல்லை, நடை இல்லை. அப்பாடா என்றிருந்தது! 'ஐயா சமர்த்து. தொந்தரவு இல்லை' என்று மூன்று நாளும் நோட்டில் எழுதினோம். அவர் மகனிடம் தொலைபேசியில் பெருமையடித்தும்கொண்டோம்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை.

"இவர் ஏன் உட்கார்ந்திருக்கார்?"

"அமைதியாயிட்டார் அக்கா."

"நாற்பது வருஷம் நடந்த மனுஷன் நடக்கலைன்னா அதுக்குப் பேர் அமைதியா?"

தரையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் கை அவருடைய வலது ஷூவை நெருங்கியது, தொடக்கூட இல்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நாற்காலியின் கையை இறுக்கினார். மெல்லக் கழற்றினீர்கள். பெருவிரல் கறுத்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது. அது அவருடைய ஷூவே இல்லை, பக்கத்து அறை ஓட்டுநருடையது, ஒரு அளவு சின்னது. ஓட்டுநரோ ஐயாவின் பெரிய ஷூவில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் திரிந்துகொண்டிருந்தார். அதையும் நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டு ஜோடிக்கும் ஒன்றாக மெருகு போட்டு மாற்றி வைத்தவன், இந்த மடலை எழுதும் நான்தான். மூன்று நாளும் விடிந்ததும் அவர் குதிகாலில் கரண்டிக் காம்பைக் கொடுத்துத் திணித்தவனும் நான்தான். ஒவ்வொரு முறையும் ஐயா என் தோளை இறுக்கிப் பிடித்தார். பாசம் என்று நினைத்தேன். கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன், பாவி.

"சர்க்கரை உள்ள உடம்பு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்" என்றார் மருத்துவர். நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நோட்டை வாங்கி, 'தொந்தரவு இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் 'யாருக்கு?' என்று மட்டும் எழுதினீர்கள். பிறகு பஞ்சு எடுத்து வரச் சொன்னீர்கள்.

ஐந்து வாரம் கழித்து முதல் அறைக் கதவு தட்டப்பட்டபோது, சமையலறையில் இருந்தவர்கள்கூட ஓடிவந்து பார்த்தார்கள். உயிரை வாங்குகிறார் என்று அன்று யாருமே சொல்லவில்லை.

நாளை முதல் நீங்கள் இல்லாமல் அந்தப் பன்னிரண்டு அறைகளையும் நாங்கள் பார்க்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறோம்: இந்த மாதம் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படியேறும்போது இடது காலையே முதலில் வைக்கிறீர்கள். எழும்போது வலது முழங்காலை உள்ளங்கையால் மூடுகிறீர்கள். உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்று நின்றபடியே சாப்பிடுகிறீர்கள். கேட்டதற்கு "ஒண்ணுமில்லப்பா" என்று சிரித்தீர்கள். கேட்டதோடு நாங்கள் நிறுத்தவில்லை அக்கா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். கூட்டிப் போக நான் வருகிறேன்.

பல்லாண்டு வாழ்க! வலியின்றி வாழ்க! வலித்தால் வாய்விட்டுச் சொல்லி வாழ்க! சொல்லாவிட்டால் போங்கள், நாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் கண்பார்வையில்,
முதல் தளப் பணியாளர்கள்
(எழுதியது: ஷூ மாற்றிப் போட்டவன்)