இறக்கவிடாத இயந்திரம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக்கொண்டபடியே. வயது நாற்பத்தொன்று. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். லாரியை மறித்ததாக எங்கள் முதலாளி கொடுத்த புகாரைப் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் தொழிற்சாலைக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிலும் பாலிசி கிடையாது. "வெளியாளுக்குக் கட்டுற காசை நாமளே தனியா போட்டு வெச்சா, அடிபட்டவங்களுக்கு அன்னிக்கே கிடைக்கும்ல" என்று முதலாளி சொன்னார். அதன்படி மாதாமாதம் தனிக் கணக்கில் பணம் போடுவது, காயம்பட்டவர்களுக்கு மட்டுமே எடுப்பது, எடுக்க முதலாளி கையெழுத்தோடு என் கையெழுத்தும் வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். காவலாளிக்குக் கால் முறிந்தபோது யார் வாசலிலும் போய் நிற்காமல் வைத்தியம் பார்த்தோம். நான் லீவில் இருக்கும்போது விபத்து நடந்தால் தாமதமாகக் கூடாது என்று ஒரு செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அலுவலகப் பெட்டியில் வைத்திருப்பேன்.

இன்று காலை வெட்டும் இயந்திரத்தில் என் நாத்தனாரின் வலது கை சிக்கியது. வாய் ஓயாததால் அவளை எல்லோரும் ரேடியோ என்போம். ஆஸ்பத்திரி போகும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குள் பணம் கட்டி ஆபரேஷன் செய்தால் விரல்களைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு நான் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது செக் இல்லை. கேட்டதற்கு முதலாளி, "சும்மா தூங்குற பணம்தானேம்மா, புது மெஷினுக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

அந்த நேரம் அந்தப் புது இயந்திரத்தோடு லாரி வந்து நின்றது. விசாரித்ததில் லாரி டிரைவர், "மெஷினை இறக்கினப்புறம்தான் செக்கை பேங்க்ல போடுவாங்க, அக்கா" என்றார். பணம் இன்னும் கணக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேறு செக் எழுதும்படி முதலாளியைக் கேட்டேன். அவர் மறுத்தார். அதன் பிறகு லாரியின் பின்கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். யாரையும் அடிக்கவில்லை. முதலாளியை 'நீ' என்று பேசியது உண்மை. அதன் பிறகு காவலர்கள் வந்து என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். நான் நகர்ந்ததும் ஒட்டும் பிரிவுப் பெண்கள் அந்தக் கதவில் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, அத்தனையும் உண்மை. இனி மறிக்க மாட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால் உடனே வீட்டுக்கு அனுப்புவதாக அதிகாரி சொன்னார். அது பொய்யாகிவிடும் என்பதால் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(கையொப்பம்)