ஒழுகும் இடம் அறிந்த கொரின் அம்மையாருக்கு, பொறாமை குன்றாத பட்டறைத் தோழர்கள் வழங்கும் பிரியாவிடை மடல்

பனி பொழியும் மலையடியில் பழுது நீக்கும் பணியே தவமெனக் கொண்டவரே! எண்ணெய் படிந்த கைகளால் எல்க் ஃபோர்க் மக்களின் இதயங்களை எல்லாம் எடுத்துக்கொண்டவரே! எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்து எங்களுக்கு முன்னால் சென்றுவிட்டவரே! மாவட்ட வாகனப் பட்டறையின் தலைமை மெக்கானிக், மதிப்பிற்குரிய கொரின் ஹால்வர்சன் அம்மையாரே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை, டெல்பர்ட் ரீஸ் ஆகிய என்னிடம் தோழர்கள் ஒப்படைத்தனர். ஏன் நான் என்று கேட்டேன். "அவளப் பாத்து அதிகமா வயிறெரிஞ்சவன் நீதான். நீ எழுதினாத்தான் அதுல உசிரு இருக்கும்" என்றார்கள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மையாரே! தங்கள் திறமைகளை வரிசையாகச் சொல்லிப் புகழலாம். வரிசை நீளும்; எங்கள் வயிறும் தாங்காது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். அந்த ஒன்றே எங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

மலைக்கணவாய்க்கு இப்புறம் நமக்கிருப்பது ஒரே ஆம்புலன்ஸ். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. கியர்பாக்ஸின் முதுகில் அமர்ந்து முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், ஒரு பனிக்காலத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க ஆயில் சீல் நனைந்திருந்தது. சீல்தான் போயிற்று என்று நான் புதியது போட்டேன். மறுபடியும் நனைந்தது. மறுபடியும் மாற்றினேன். நின்றால் ஒரு சொட்டும் விழாது. ஓடினால் வண்டியின் அடிவயிறெல்லாம் எண்ணெய். எண்ணெய் வற்றி உள்ளே பல்சக்கரங்கள் இறுகிப்போனால் கணவாயின் நடுவே வண்டி நின்றுவிடும். அதற்குள் கிடப்பவர் கதி என்ன?

கிடக்க வேண்டியவரும் இருந்தார். பண்ணைக்காரர் ஆர்வில் டென்ட், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர். மறுநாள் காலை கணவாய் தாண்டி மருத்துவமனைக்குப் போய் அவர் இரத்தத்தைச் சுத்திகரித்தாக வேண்டும். புயல் வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், ஹெலிகாப்டர் பறக்காது. மூன்றாவது சீலைக் கையில் வைத்துக்கொண்டு நான் வண்டிக்கடியில் கிடந்தபோது, தங்கள் பூட்ஸ் என் தலைமாட்டில் வந்து நின்றது.

"டெல்பர்ட்டு, கூரை ஒழுகினா தரையையா மாத்துவ?"

"சீல்தானே நனைஞ்சிருக்கு?"

"நனைஞ்ச எடம் வேற, ஒழுகுற எடம் வேறய்யா. வெளிய வா."

அந்த "வெளிய வா" இன்னும் என் காதில் இருக்கிறது, அம்மையாரே! தாங்கள் வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்க, கேஸின் உடம்பைத் துணி போட்டு உலர உலரத் துடைத்து, குழந்தைக்குப் பூசும் பவுடரை அதன்மேல் தூவினீர்கள். சக்கரங்களைச் சுற்றவிட்டு, பின்பு எஞ்சினை அணைத்து, விளக்கைப் பிடித்தீர்கள். வெண்மையான பவுடரில் கேஸின் மேற்புறத்திலிருந்து ஒரு கறுத்த கோடு இறங்கி என் சீலின்மேல் வந்து நின்றிருந்தது. அக்கோட்டின் தொடக்கத்தில் குண்டூசி முனையளவு ஒரு துளை. உள்ளிருக்கும் எண்ணெய் பம்ப் அசைந்து அசைந்து, எலி சுவரைச் சுரண்டுவதுபோல் கேஸின் உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டிப் போட்ட துளை! எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்ததால் நிற்கும்போது ஒழுகவில்லை. ஓடும்போது மட்டும் உள்ளே தெறித்த எண்ணெய் வெளியே கசிந்தது.

கண்டுபிடித்ததோடு விட்டீர்களா? புதிய கேஸ் வந்து சேர நாளாகும் என்றதும், பழைய கேஸையே இறக்கிப் பிளந்து, துளையைச் சுற்றிச் சுரண்டி, உலோகப் பசை குழைத்து அடைத்து, உள்ளே பம்ப் மீண்டும் உரசாதபடி தடுப்பு வைத்து, விளக்கின் சூட்டில் இறுகவைத்து, புது எண்ணெய் ஊற்றி மாட்டினீர்கள். மறுபடியும் பவுடர் தூவி ஓட்டினோம். கோடு விழவில்லை. எங்களால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. முயன்றோம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

விடிந்தது. பனி கொட்டியது. ஆம்புலன்ஸின் தன்னார்வ ஓட்டுநரும் நானே என்பதால் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு தாங்கள் பக்கத்தில் ஏறிக்கொண்டீர்கள். பின்னாலிருந்து ஆர்வில் கேட்டார்:

"வண்டி ஒழுகுதுன்னாங்களே, யாரு பாத்தது?"

"கொரின்" என்றேன்.

"அப்ப சரி. நான் தூங்கறேன்."

தூங்கியும் விட்டார்! பல்லாண்டாக என் வண்டியில் வந்தவர், ஒருமுறையும் கண் மூடாதவர்.

கணவாயின் உச்சியில் நிறுத்தினேன். தாங்கள் இறங்கப் பார்த்தீர்கள். "நீ இரு, நான் பாக்கறேன்" என்று பனியில் படுத்து அடியில் ஊர்ந்தேன். விளக்கடித்தேன். விரலை வைத்துத் தடவினேன். ஓட்டுநரின் மனம் ஈரம் இருக்கக்கூடாதே என்று வேண்டியது. மெக்கானிக்கின் மனம் ஒரே ஒரு சொட்டாவது இருக்காதா என்று தேடியது. விரல் உலர்ந்தே வந்தது.

"என்ன, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சியப் பாத்தா இருக்குற மாதிரி இருக்கே!"

மருத்துவமனை வாசலில் ஆர்வில் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அப்போது தாங்கள் சொன்னீர்கள்: "சீலு டெல்பர்ட்டு போட்டது. கெட்டியா நிக்குது. மேல இருந்த ஓட்டைய மட்டுந்தான் நான் அடைச்சேன்." அம்மையாரே, பெருமை பேசியிருந்தால் தங்களை வெறுத்திருப்போம், அந்த வசதியைக்கூடத் தாங்கள் எங்களுக்குத் தரவில்லை. பின்னர் ஆர்வில் தன் மகள் செய்த ஹக்கிள்பெரிப் பழக் கேக்கை அனுப்பினார். மேலே தங்கள் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பெயரைத்தான் நான் முதலில் வெட்டித் தின்றேன். நன்றாகவே இருந்தது.

இன்று தாங்கள் கணவரோடு அரிசோனாவின் வெயிலுக்குக் குடிபெயர்கிறீர்கள். நாங்கள் இங்கே பனி வாரிக்கொண்டிருப்போம். அதிலும் தாங்களே முந்திவிட்டீர்கள். தங்கள் நாற்காலி நாளை முதல் எனக்கு என்று மாவட்ட அலுவலகம் சொல்லியிருக்கிறது. நேற்று பனியகற்றும் வண்டியின் ஓட்டுநர் வந்து, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கொரின் போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு நாள் இருக்கு" என்றேன். "அப்ப வண்டிய இன்னிக்கே விட்டுடறேன்" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முழங்கால் நோகாமல், கண் மங்காமல், கைவிரல் நடுங்காமல், கணவரும் தாங்களும் நெடுங்காலம் நிறைவாய் வாழ்க! போகும் வழியெல்லாம் தங்கள் வண்டி ஒரு சொட்டும் சிந்தாமல் ஓடுக! அப்படி என்றேனும் சிந்தினால், அம்மையாரே, வேறெங்கும் போகாமல் எங்களிடமே கொண்டுவாருங்கள். நாங்கள் அடியில் படுத்துத் தேடுகையில் எங்கே ஒழுகுகிறது என்பது பார்த்த கணமே தங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள்மேல் அன்பிருந்தால், அதை நாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

தங்கள் பிரிவால் வருந்தியும், தங்கள் புகழால் புழுங்கியும்,
டெல்பர்ட் ரீஸ்
மற்றும் எல்க் ஃபோர்க் மாவட்ட வாகனப் பட்டறைத் தோழர்கள்