ஆணியில தொங்குன கோட்டு

அந்த நாற்காலியில உக்காராதீங்கண்ணே. அதுக்கு மூணு காலுதான் நல்ல காலு, நாலாவது சும்மா பேருக்கு. போன வாரம் ஒருத்தரு காய்ச்சல்னு வந்து அதுல உக்காந்தாரு, கடைசியில எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சோம். இப்படி பெஞ்சுக்கு வாங்க. பெட்டிய எதுக்கு மடியில வெச்சிருக்கீங்க, கீழ வைங்க, இப்பதான் தரையத் தொடச்சேன். காலிப் பெட்டிதானே? ம்ம். மகளோட துணிமணிய எடுத்துட்டுப் போக. தெரியும்ண்ணே.

எப்படித் தெரியுமா? அந்த மூக்கு போதாதா? அப்படியே அவ மூக்கு. உள்ளதான் இருக்கா, பெரிய டாக்டர் ரூம்ல. அவரு பேச ஆரம்பிச்சா லேசுல முடிக்கமாட்டாரு, நீங்க காலை நீட்டியே உக்காரலாம்.

நானா? நான் இந்த வார்டுல வேலை பாக்குறவ. பெருக்குறது, தொடைக்கிறது, ரத்தத்தக் கொண்டு போயி டெஸ்டுக்குக் குடுக்குறது, அப்புறம் டாக்டருங்கள எழுப்புறது. சிரிங்க, சிரிங்க. அதுவும் ஒரு வேலைதான். இந்தப் பயிற்சி டாக்டருங்க இருக்காங்களே, உங்க மக மாதிரி, இவங்களுக்கு நின்னுக்கிட்டே தூங்கத் தெரியும். உங்க மக ஒருநாள் ஒரு தாத்தாவுக்கு நாடி பாத்துக்கிட்டே தூங்கிட்டா. அந்தத் தாத்தா கையை எடுக்கல. என்னைக் கண்டதும் வாயில விரலை வெச்சு உஸ்ஸுங்கறாரு. யாருக்கு யாரு வைத்தியம் பாக்குறாங்கன்னே தெரியல போங்க. அன்னிலேர்ந்து நான் அவள கோழிக்குஞ்சுன்னுதான் கூப்புடுவேன். கோச்சுக்கமாட்டா. வாங்கக்கா, உங்க கோழிக்குஞ்சு வந்துட்டேன்னு அவளே சொல்லுவா.

நீங்க என்ன வேலைண்ணே? லாரியா! அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம். தூக்கம் வந்தா ஓரங்கட்டிட்டுப் படுத்துருவீங்க. இவங்க எங்க போயி ஓரங்கட்டுறது? நேத்து காலையில வந்தவ, ராத்திரி முழுக்க நின்னுட்டு, இன்னிக்கும் சாயங்காலந்தான் போவா.

இல்லண்ணே, பெரிய டாக்டர அப்படிச் சொல்லாதீங்க. நல்ல மனுசன். இந்தப் புள்ளைங்க வாடிப் போயிருக்குதேன்னு அவருக்கும் கவலைதான். ஒரு அம்மாவ வரவழைச்சு எல்லாருக்கும் மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாரு. என்னையும் உக்கார வெச்சாங்க. இழு, நிறுத்து, விடு. நான் கேட்டேன், அம்மா, இத்தன வருசமா நான் விட்டதெல்லாம் என்னதுன்னு. அதுலயும் ஒரு கூத்து, அந்த மூச்சு கிளாஸ எப்ப வெச்சாங்கங்கறீங்க? புள்ளைங்க கொஞ்சம் படுக்குற நேரத்துல!

அப்புறம் அவருக்கே தோணிச்சு போல. ராத்திரி வேலை பாத்தவங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல ரெண்டு மணி நேரம் படுத்துக்கலாம், யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அதோ தெரியுதே, பச்சைக் கதவு, அந்த ரூம்தான். ரெண்டு கட்டிலு. ஒண்ணு உங்க மகளுக்கு, இன்னொண்ணு அவகூட ட்யூட்டி பாக்குற பொண்ணுக்கு. அந்தப் பொண்ணுக்கு நான் வெச்ச பேரு இடி. அது தும்முனாலே பக்கத்து வார்டுல ஊசி கீழ விழும்.

ஆனா ரெண்டு பேரும் தூங்கிட்டா வார்டுல எவனாவது மூச்சுத் திணறுனா யாரு பாக்குறது? அதுக்கு இவங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. கதவுக்கு வெளிய ஒரு ஆணி இருக்கு பாருங்க. இன்னிக்கு எந்திரிக்கிற முறை யாரோடதோ அவ தன்னோட வெள்ளக் கோட்ட அதுல தொங்கவிட்டுட்டுப் படுக்கணும். இன்னொருத்தி தன் கோட்ட உள்ள, கட்டில் தலைமாட்டுல போட்டுக்கலாம். நாளைக்கு மாத்தி. அவசரம்னா நான் போவேன், ஆணியப் பாப்பேன், கோட்டுக்குச் சொந்தக்காரிய மட்டும் எழுப்புவேன். உங்க மக கோட்டுல பாக்கெட்டுகிட்ட மை கொட்டியிருக்கும். இடியோடது முட்டி வரைக்கும் வரும். குழப்பமே இல்ல.

டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி.

போன்ல என்ன சொன்னா உங்ககிட்ட? வந்து கூட்டிட்டுப் போங்கப்பா, அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? ம். சொல்லமாட்டா. தனக்கு மறதி வந்துருச்சுன்னு நெனைக்கிறாண்ணே. புத்தி கலங்குதுன்னு. இந்த வயசுலயான்னு நீங்க கேக்குறீங்க, நாங்களும் அப்படித்தான் மொதல்ல சிரிச்சோம். அப்புறம் பாத்தா, கையெல்லாம் பேனாவால எழுதிக்கிட்டு வரா. ஊசி போட்டுட்டு வந்து, சிஸ்டர், நான் போட்டேனா, நீங்க பாத்தீங்களாங்கறா. பாத்தேன் போம்மான்னாலும் திரும்பப் போயி காலி மருந்துப் புட்டியக் குப்பையில தேடுறா. சோறு திங்க ஒக்காந்தவ பாதியில எந்திரிச்சு ஓடுறா, ஒரு புள்ளைக்கு மருந்து அளவு சரியா எழுதுனனான்னு. சரியாத்தான் எழுதியிருப்பா. ஒரு தடவகூடத் தப்பா எழுதலண்ணே, அது முக்கியம், காதுல வாங்கிக்கங்க. தலைய படம் புடிச்சும் பாத்தாங்க. ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்குன்னாங்க. அப்படியும் அவ நம்பல. என் ஞாபகத்த நம்பி ஒரு உசுர எப்படி ஒப்படைக்கிறதுன்னு என்கிட்டயே கேட்டா. நான் அதுக்கும் என்னமோ ஒரு கேலி சொன்னேன். என்ன சொன்னேன்னு... விடுங்க.

எங்கேர்ந்து ஆரம்பிச்சுதா? அந்தக் கோட்டுலேர்ந்துதான். மத்தியானம் எழுப்புனா கண்ணத் தேச்சுக்கிட்டே வெளிய வருவா. ஆணியில தன்னோட கோட்டு தொங்கும். அப்படியே நின்னு அதையே பாப்பா. அக்கா, இத நான் உள்ளதானே போட்டேன்? நேத்துகூட நான்தானே எந்திரிச்சேன்? அப்புறம் தலையில தானே ஒரு குட்டு வெச்சுக்கிட்டு, அத மாட்டிக்கிட்டு ஓடுவா. ஒருநாள் ரெண்டுநாள்னா பரவாயில்ல. வாரக்கணக்கா இதே கதை. இடிகிட்ட கேட்டிருக்கா, அன்னிக்கு என் முறைதான், என் கோட்டுதான் ஆணியில இருந்துச்சுன்னு சொல்லியிருக்கு. அப்ப நான் பாத்தது என்னன்னு இவளுக்குக் கொழப்பம். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதான்னு பயந்துட்டா.

அய்யய்யோ, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்கண்ணே. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஏமாத்தல. கேளுங்க மொதல்ல! அது கத்துமே தவிர நல்ல பொண்ணு. தலைய படம் புடிக்க உங்க மகள இழுத்துட்டுப் போனதே அதுதான். நீ படுடி, உன் முறையவும் நானே பாத்துக்கறேன்னு சொல்லுச்சு, உங்க மகதான் கேக்கல. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. என் முறை அன்னிக்கு ஒருத்தனுக்கும் ஒடம்புக்கு வரமாட்டேங்குது, நான் ராசிக்காரின்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அது சிரிக்கும்போதெல்லாம் நான் வாளியத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயிருவேன்.

ஏன்னா? ஏன்னு கேக்குறீங்க.

இடிய எழுப்புறது லேசில்லண்ணே. மொதநாள் தலகாணி பறந்து வந்துச்சு. அடுத்த தடவ செருப்பு. நீ மனுசியா, பேயான்னு வார்டே கேக்குற மாதிரி ஒரு கத்து. அது அரைத் தூக்கத்துல கத்துறது, எந்திரிச்சதும் அதுக்கே ஞாபகம் இருக்காது. ஆனா வாங்கிக்கிறவளுக்கு ஞாபகம் இருக்குமில்ல? உங்க மக அப்படியில்ல. தோளத் தொட்டா போதும், இதோ வரேன்க்கான்னு செருப்பத் தேடும். கண்ணு தொறக்காமலே சிரிக்கும். கோவமே படாது. கோவப்படாதவங்க தலையிலதானே எல்லாரும் பாரத்த எறக்குவோம். வீட்லயும் அப்படித்தானே?

பெரிய டாக்டர் ரூம்ல பேச்சு நின்னுருச்சு போல. இல்ல, நாற்காலிச் சத்தம்தான்.

இப்ப வருவாண்ணே. வேலைய விட்டுர்றேன்னு சொல்லத்தான் உள்ள போயிருக்கா. கோட்ட மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு வருவா, இல்லன்னா அவரு மேசையிலயே வெச்சுட்டு வெறுங்கையோட வருவா. நீங்க பெட்டியத் தூக்காதீங்க. அவளுக்கு மறதியும் இல்ல, மண்ணும் இல்ல. அவ உள்ள போட்டது உள்ளதான் இருந்துச்சு. இடியோட முறை வர்ற அன்னிக்கெல்லாம் நான்தான் பூனை மாதிரி உள்ள போயி, மைக்கறை கோட்ட எடுத்துட்டு வந்து, ஆணியில இருந்த இடியோட கோட்டக் கழட்டிட்டு இத மாட்டிட்டு, அப்புறம் அவ தோளத் தொடுவேன். அவ அத மாட்டிக்கிட்டு ஓடுனதும், இடியோட கோட்ட பழையபடி தொங்கவிட்ருவேன். அவ எங்கக்கான்னு இடி கேட்டா, தூக்கம் வரலன்னு எந்திரிச்சுப் போயிட்டான்னு சொல்லிருவேன். ஒரு செருப்படிக்குப் பயந்துக்கிட்டுண்ணே. ஒரே ஒரு செருப்படி. அவ கோட்டப் பாத்துட்டு முழிக்கும்போது, என்ன டாக்டரு, மறதிக்கு மாத்திரை போட மறந்துட்டியான்னு கேலி வேற பண்ணேன். அவளும் சிரிச்சா.

என்னை அப்படிப் பாக்காதீங்க. திட்டணும்னா திட்டிருங்க, கத்துறவங்க எனக்குப் பழக்கந்தான்.

இல்ல, நீங்க போயிச் சொன்னா நம்பமாட்டா. அப்பா சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனைப்பா. நான்தான் சொல்லணும், பெரிய டாக்டர் முன்னாடியே. வேலை போனா போகட்டும். வாங்க. ஆனா கதவ மட்டும் நீங்க தட்டுங்கண்ணே. எத்தனையோ தடவ தட்டுன கைதான், இன்னிக்கு மேல எழமாட்டேங்குது.